படிவத்தில் ஒரு கட்டம்: தத்துவவாதி தன்னை யாரென்று சொல்லிக்கொள்வார்?

வெண்பலகை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

'நான்' என்பதைப் பற்றி 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுதியதை வைத்து ஆய்வு செய்யத் தொடங்கியிருக்கிறேன். முன்மொழிவுப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: 'ஆய்வாளர் சார்ந்த சிந்தனைப் பள்ளி'. மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டு அதை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்தேன். படிவம் திரும்பி வந்துவிட்டது. கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் 'நிரப்பவும்' என்று ஒரே ஒரு சொல்.

மூன்று நாளாக அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'அனுபவவாதி', அதாவது அறிவு அனுபவத்திலிருந்தே வருகிறது என்பவர், என்று எழுதிவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் எனக்கு அது பாதிப் பொய்யாகப் படுகிறது. ஹியூம் தனக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் சூடு, குளிர், வெளிச்சம், நிழல், அன்பு, வெறுப்பு என்று ஏதாவது ஓர் உணர்வுதான் தட்டுப்படுகிறது, 'நான்' என்று தனியாக ஒன்று அகப்படுவதே இல்லை என்கிறார். உணர்வுகளின் கட்டு, அவ்வளவுதான். இதை ஆறு மாதமாகப் படித்துவிட்டு 'நான் இன்ன பள்ளி' என்று எழுதக் கை எழவில்லை.

அதனால் கேட்கிறேன். தத்துவவாதிகள் தங்களை யாரென்று சொல்லிக்கொண்டார்கள்? பின்னால் வந்தவர்கள் பாடநூலில் ஒட்டிய பெயர் வேண்டாம். அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொண்ட பெயர் வேண்டும். பள்ளிக்குப் பள்ளி இதில் வேறுபாடு உண்டா?


தர்க்கன் எழுதியது:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். பள்ளியின் பெயர் ஒரு சுருக்கெழுத்து. பத்துக் கேள்விகளுக்கு நீங்கள் என்ன விடை சொல்வீர்கள் என்பதை ஒரே சொல்லில் அடக்கிச் சொல்கிறது. உங்களைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை அது கட்டிப்போடுவதில்லை.

தத்துவக் கட்டுரைகளைத் திரட்டும் பில்பேப்பர்ஸ் தளத்தின் சார்பில் டேவிட் பூர்ஜேயும் டேவிட் சால்மர்ஸும் 2020இல் தத்துவத் துறையினரிடம் ஒரு பெரிய கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதும் துறையினர். 1,785 பேர் பதில் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது விடைத் தேர்வுகள் அமைந்திருந்த விதம். 'ஏற்கிறேன்' என்று ஒரு தேர்வு, 'அந்தப் பக்கம் சாய்கிறேன்' என்று இன்னொரு தேர்வு. காரண காரிய விதியும் மனிதச் சுதந்திரமும் ஒன்றோடொன்று பொருந்தும் என்ற பக்கம் சுமார் 59 சதவீதம் பேர் வந்தார்கள். ஆனால் அதில் ஏற்றவர்களும் உண்டு, சாய்ந்தவர்களும் உண்டு.

நீங்களும் அப்படியே எழுதலாம்: 'அனுபவவாதத்தின் பக்கம் சாய்கிறேன்'. இதில் பொய் எதுவும் இல்லையே.


தும்பி எழுதியது:

//பள்ளியின் பெயர் ஒரு சுருக்கெழுத்து//

தர்க்கன், இதை ஏற்க முடியவில்லை. சுருக்கெழுத்து என்றால் எழுதினவருக்கும் படிப்பவருக்கும் ஒரே பொருள் இருக்க வேண்டும். தத்துவத்தில் அப்படி நடப்பதே இல்லை. பெயர் சூட்டப்பட்டவர்களே அதைக் கழற்றி வீசியிருக்கிறார்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் காம்யுவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றுவரை எந்தப் பாடநூலைத் திறந்தாலும் இருத்தலியல் அத்தியாயத்தில்தான் அவர் இருப்பார். 1945இல் ஒரு நேர்காணலில், நான் இருத்தலியல்வாதி அல்ல என்று நேராகவே சொல்லிவிட்டார். அதே ஆண்டு பாரிசில் சார்த்தர் உரையாற்றி அந்தப் பெயரை ஊரறிய ஏற்றுக்கொண்டார். அடுத்ததாக ஹைடெக்கர், அந்த உரையில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டதைப் பார்த்து, இது என் வழி அல்ல என்று நீண்ட கடிதமே எழுதினார். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் மூன்று பேர். ஒருவர் மட்டும்தான் அங்கே விரும்பி நிற்கிறார்.

அதைவிட என்னை உலுக்கியது ஹன்னா அரெண்ட். 1964இல் குந்தர் காவுஸ் எடுத்த தொலைக்காட்சி நேர்காணல். காவுஸ் அவரைத் தத்துவவாதி என்று சொல்லித்தான் தொடங்குகிறார். அரெண்ட் உடனே மறுக்கிறார். நான் தத்துவவாதிகளின் வட்டத்தைச் சேர்ந்தவள் அல்ல, என் தொழில் அரசியல் கோட்பாடு, தத்துவம் படித்தேன் என்பதால் அதிலேயே தங்கிவிட்டேன் என்று ஆகாது என்கிறார். பள்ளியை மறுப்பது ஒரு பக்கம். இவர் துறையின் பெயரையே வேண்டாம் என்கிறார்.

சிமோன் த போவுவாரும் அப்படித்தான். சார்த்தர் தத்துவவாதி, நான் அல்ல என்று பல முறை சொல்லியிருக்கிறார். அவருடைய கணக்கில் தத்துவவாதி என்றால் ஸ்பினோசா, ஹெகல் மாதிரி ஒரு முழு அமைப்பைக் கட்டி எழுப்புகிறவர். இதை அடக்கம் என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அது அடக்கமாகத் தெரியவில்லை. தத்துவவாதி என்ற சொல்லுக்கு யார் வரையறை எழுதினார்கள், அதில் யாருக்கெல்லாம் இடம் வைத்தார்கள் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. பெண்களாகிய நாம் இதைக் கவனிக்காமல் போகக் கூடாது.

வெண்பலகை, கட்டத்தைக் காலியாக விட்டது உங்கள் தவறு அல்ல. அதுவே நாணயமான விடை.


தர்க்கன் எழுதியது:

தும்பி, அரெண்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் மறுத்தவர்களை மட்டுமே அடுக்கினால் படம் பாதிதான். பெயருக்காகப் போராடியவர்களும் இருக்கிறார்கள்.

சார்லஸ் பியர்ஸ், ஒரு கருத்தின் பொருளை அதன் நடைமுறை விளைவுகளை வைத்துப் பார்க்கும் தன் கோட்பாட்டுக்கு 'பிராக்மாட்டிசம்' என்ற பெயரை வைத்தவர். 1898இல் வில்லியம் ஜேம்ஸ் அதை மேடையேற்றி, பெயர் பியர்ஸுடையது என்று நன்றியும் சொன்னார். அப்புறம் அந்தச் சொல் கை மாறிக் கை மாறி, பத்திரிகைகளில் எதற்கெல்லாமோ பயன்பட ஆரம்பித்தது. 1905இல் பியர்ஸ் தன் கருத்துக்கு 'பிராக்மாட்டிசிசம்' என்று வேறு பெயர் சூட்டினார். கடத்திக்கொண்டு போகிறவர்கள் யாரும் தொடாத அளவுக்கு அவலட்சணமான சொல் என்று அவரே எழுதுகிறார். பிள்ளையைக் காப்பாற்றப் பெயரை மாற்றி வைக்கும் தகப்பனைப்போல எனக்குத் தெரிகிறது. பெயர் வெறும் ஒட்டு என்றால் ஒரு மனிதர் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்?


நெடுவழி எழுதியது:

பள்ளிப் பெயர் என்றதும், ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஓங்கிய 'பகுப்பாய்வுத் தத்துவம்' என்ற பெயரையே கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். அதன் எதிர்ப்பக்கம் 'ஐரோப்பியக் கண்டத் தத்துவம்' என்கிறார்கள். ஒன்று வேலை செய்யும் முறையின் பெயர், மற்றது நிலப்பரப்பின் பெயர். கார்களை முன்சக்கர இயக்கம் கொண்டவை, ஜப்பான் கார்கள் என்று இரண்டாகப் பிரிப்பதுபோல இருக்கிறது என்றார் பெர்னார்ட் வில்லியம்ஸ். அவரே பகுப்பாய்வு மரபில் ஊறியவர்.

இடத்தின் பெயரால் பள்ளி அமைவது புதிதும் அல்ல. ஏதென்ஸில் ஓவியங்கள் தீட்டிய ஒரு தூண் மண்டபம். அங்கே நின்று செனோன் பாடம் சொன்னார். அந்த மண்டபத்தின் பெயரே 'ஸ்டோயிக்' ஆயிற்று. எபிகியூரஸின் ஆட்களைத் 'தோட்டத்தார்' என்றார்கள். பிளேட்டோவுடையது அகாதமி. அந்த அகாதமியே சில தலைமுறைக்குள் ஆர்கெசிலாஸின் தலைமையில் ஐயவாதத்துக்குப் போய்விட்டது. கட்டடமும் பெயரும் அதேதான், உள்ளே கருத்து தலைகீழ். பெயரைப் பார்த்து உள்ளே இருப்பதைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.


பழைய ஏடு எழுதியது:

நல்ல இழை. தமிழ்ப் பக்கத்திலிருந்து யாரும் பேசவில்லை என்பதால் நான் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் 'பள்ளி'. நெடுவழி சொன்னதுபோல இதுவும் இடத்தின் பெயர்தான். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி. படிப்பு என்ற பொருள் அங்கிருந்து வளர்ந்தது.

இப்போது 'தத்துவவாதி'. நாம் எல்லோரும் சாதாரணமாகப் புழங்கும் சொல். மெய்யியலாளர் என்பது துறையின் பெயர்போல இருக்கிறது. தத்துவஞானி என்றால் ஏற்கெனவே கண்டடைந்தவர் என்ற மரியாதை வந்துவிடுகிறது. தத்துவவாதி இந்த இரண்டும் அல்ல. வாதி என்றால் வாதம் செய்பவர். நீதிமன்றத்தில் வாதி, பிரதிவாதி என்கிறோமே, அதே சொல். வழக்கு இல்லாமல் வாதி இல்லை. எதிரில் ஒருவர் இல்லாமலும் வாதி இல்லை.

மணிமேகலையில் 27ஆம் காதையைப் படித்துப் பாருங்கள். சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் 'உங்கள் பொருள் என்ன' என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று வரிசையாகப் பதில் சொல்கிறார்கள். இவர்களில் ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அந்த மனிதரின் ஊர், குலம், வயது எதுவும் நமக்குத் தெரியாது. எந்தக் கருத்துக்காக நிற்கிறாரோ அதுவே அவர் பெயர்.

கேட்பவளைக் கவனியுங்கள். மணிமேகலை அப்போது தன் உருவத்தில் இல்லை, தவம் செய்யும் ஆண் வேடத்தில் இருக்கிறாள். அடையாளத்தை மறைத்துக்கொண்ட ஒருத்தி, அடையாளமே உடலாக நிற்பவர்களைக் கேள்வி கேட்கிறாள். முப்பது வருஷமாக இந்தக் காதையைப் படிக்கிறேன், இந்த அமைப்பு தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பூதவாதி சொல்வது, பூவும் வெல்லக்கட்டியும் சேர்ந்தால் கள்ளின் மயக்கம் பிறப்பதுபோலப் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, கண்ணால் கண்டதே உண்மை, அனுமானம் பொய் என்று. அவள் திருப்பிக் கேட்கிறாள்: உன் தாய் தந்தை யாரென்று அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய்? கருத்தைப் பற்றிய விவாதம் ஒரே வரியில் 'நீ யார் பிள்ளை' என்பதற்குத் திரும்பிவிட்டது. உன் கொள்கையை வைத்து உன் அடையாளத்தை நீயே சொல்ல முடிகிறதா பார் என்கிறாள்.

வெண்பலகை அம்மா, உங்கள் சிவப்பு வட்டம் கேட்பதும் அதைத்தான்.


கடைசி வரிசை எழுதியது:

பின்தொடர்கிறேன். ஒரு சந்தேகம். உடலைத் தாண்டி ஆன்மா இல்லை என்ற சாருவாகர்கள் தங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று தெரியுமா?


பழைய ஏடு எழுதியது:

கடைசி வரிசை, வலிக்கும் இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எதிராளிகள் எழுதியது. 14ஆம் நூற்றாண்டில் மாதவர் எழுதிய சர்வதரிசன சங்கிரகம் சாருவாகத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் எழுதியவர் வேதாந்தி. ஆசீவகர்களுக்கும் இதே கதி. அவர்களுடைய நூல் எதுவும் இன்று கையில் இல்லை. பௌத்தர், சமணர், சைவர் மறுப்பதற்காக எடுத்து எழுதிய வரிகளிலிருந்து தேடிப் பொறுக்க வேண்டியிருக்கிறது. பௌத்த நூலான குண்டலகேசி பெரும்பாலும் அழிந்துபோய், அதை மறுக்க வந்த நீலகேசி நமக்குக் கிடைத்திருக்கிறது.

பெயரைத் தாங்களே சொல்லாமல் விட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். காலியான கட்டம் நாணயமான விடை என்று தும்பி சொன்னதில் எனக்கு இருக்கும் தயக்கம் இதுதான்.


தும்பி எழுதியது:

பழைய ஏடு ஐயா, இந்த வாதம் கனமானது. இரண்டு நாள் யோசித்தேன்.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. தாங்களே சொன்ன பிறகும் பெயர் பறிபோகிறதே. அறிவியல் நோக்குக் கொண்ட தத்துவக் குழுவான வியன்னா வட்டத்தார் 1929இல் வெளியிட்ட அறிக்கையில் விட்கன்ஸ்டைனைத் தங்கள் பார்வையின் முதன்மையான பிரதிநிதிகளில் ஒருவராகச் சேர்த்துவிட்டார்கள். ஐன்ஸ்டைன், ரஸ்ஸல், விட்கன்ஸ்டைன் என்று மூன்று பெயர். அவரோ அந்த வட்டத்தில் சேரவே இல்லை. அவர்களோடு உட்காரும்போது சில நாள் முதுகைக் காட்டிக்கொண்டு தாகூர் கவிதையைப் படித்தார் என்கிறார்கள். பின்னாளில் தன் குறிப்பொன்றில், தத்துவவாதி எந்தக் கருத்துச் சமூகத்துக்கும் குடிமகன் அல்ல, அதுதான் அவனைத் தத்துவவாதி ஆக்குகிறது என்று எழுதினார்.

பூக்கோவும் இதே பக்கம்தான். 1969இல் வந்த நூலின் முன்னுரையில், நான் யாரென்று கேட்காதீர்கள், மாறாமல் இருக்கச் சொல்லாதீர்கள், நம் அடையாளத் தாள்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையை அதிகாரிகளுக்கும் போலீசுக்கும் விட்டுவிடுங்கள், எழுதும்போதாவது எங்களை விடுங்கள் என்ற பொருளில் எழுதுகிறார். 1980இல் பத்திரிகைக்குக் கொடுத்த ஒரு நேர்காணலில் பெயரையே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 'முகமூடித் தத்துவவாதி' என்றுதான் அச்சானது. யார் சொன்னது என்று தெரியாவிட்டால், சொன்னது என்ன என்று வாசகர் பார்ப்பார் என்ற நம்பிக்கை.

கீர்க்ககோர் இன்னொரு வகை. 1843இல் தொடங்கி நூலுக்கு நூல் வேறு வேறு புனைபெயர். புனைபெயர்க்காரர்கள் ஒருவரோடு ஒருவர் முரண்படுவார்கள். அவற்றில் ஒரு சொல்கூட என்னுடையது அல்ல என்று பிறகு எழுதினார்.

இவர்களையெல்லாம் ஒரு கட்டத்துக்குள் எப்படி அடைப்பது?


வெண்பலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தும்பி புனைபெயரைப் பற்றிச் சொன்னதும் எனக்கு ஒன்று உறைத்தது. கையிலேயே வைத்துக்கொண்டு தேடியிருக்கிறேன்.

ஹியூமின் முதல் பெரிய நூல், மனித இயல்பைப் பற்றிய ஆய்வு, 1739இல் வந்தபோது அட்டையில் அவர் பெயர் இல்லை. 'நான்' அகப்படவில்லை என்று எழுதிய அதே நூல். அடுத்த ஆண்டு அதற்குச் சேர்த்த பின்னிணைப்பில், 'நான்' என்பதைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பார்க்கும்போது ஒரு புதிர்ப்பாதையில் சிக்கிக்கொண்டதாகவும், முன்னால் சொன்னதைத் திருத்தவும் தெரியவில்லை, முரணில்லாமல் பொருத்தவும் தெரியவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். இறப்பதற்குச் சற்று முன் ஓர் அறிவிப்பு எழுதிக்கொடுத்தார். அந்த நூல் இளமையில் எழுதியது, ஆசிரியர் அதைத் தன்னுடையது என்று ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை, இனி வருவனவற்றையே என் கருத்துகளாகக் கொள்ளுங்கள் என்று.

'நான்' வெறும் கட்டு என்றால், இருபத்தேழு வயதில் வெளியிட்டது என்னுடையது அல்ல என்று அறுபத்து நான்கு வயதில் கைகழுவுவது யார்? இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்மேல் குற்றம் காண்பதற்காகச் சொல்லவில்லை. அவர் தன் பெயரோடு பட்ட பாடே அவருடைய கேள்விக்கு நெருக்கமான சான்றாக எனக்குப் படுகிறது.


ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

மகளே, உன் கடைசிப் பதிவைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். முப்பத்தைந்து ஆண்டு இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன்.

உன் கேள்வி மிலிந்தன் கேள்வி. கிரேக்க அரசன் பௌத்தத் துறவியைச் சந்தித்ததும் முதலில் கேட்பது, உங்களை எப்படி அறிகிறார்கள், பெயர் என்ன என்பதுதான். துறவி சொல்கிறார்: நாகசேனன் என்று அழைக்கிறார்கள், ஆனால் அது வெறும் வழக்குப் பெயர், அதற்குள் ஆள் என்று ஒருவர் அகப்பட மாட்டார். அரசன் விடவில்லை. அப்படியென்றால் உங்களுக்குத் துவராடை கொடுப்பது யார், அதை வாங்கி உடுத்துவது யார், ஒழுக்கம் காப்பது யார்? ஹியூமிடம் நீ கேட்டதும் இதேதான், கைகழுவுவது யார் என்று.

நாகசேனர், நீங்கள் எதில் வந்தீர்கள் என்று திருப்பிக் கேட்கிறார். தேரில். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? இல்லை. எல்லாம் சேர்ந்திருப்பதற்குத் தேர் என்று ஒரு வழக்கு. அரசன் ஒப்புக்கொள்கிறான். இங்கே பலர் நிறுத்திவிடுவார்கள். நான் வகுப்பில் இன்னும் ஒன்றைச் சுட்டிக்காட்டுவேன். உரையாடல் முடிந்த பிறகும் அவர் நாகசேனராகவே இருக்கிறார், பௌத்தராகவே இருக்கிறார், துவராடையைக் கழற்றவில்லை. 'நான்' இல்லை என்பவர் தான் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்பதில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் எடுத்த உறுதி இருக்கிறது. உறுதிக்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார்.

சைவ சித்தாந்தத்தில் ஒரு கதை வழங்குகிறது. அருணந்தி சிவாசாரியாருக்குச் சகலாகம பண்டிதர் என்று பட்டம். எல்லா ஆகமமும் கற்றவர். வயதில் மிகச் சிறியவரான மெய்கண்டார் பாடம் சொல்கிறார் என்று கேள்விப்பட்டு, அந்த இடத்துக்கே போய் நின்றுகொண்டு கேட்டாராம்: ஆணவத்தின் வடிவம் எப்படி இருக்கும்? மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. அவரை அடியிலிருந்து முடிவரை பார்த்துவிட்டு, விரலை நீட்டி அவரையே சுட்டினார். பண்டிதர் அந்த இடத்திலேயே மாணவர் ஆனார்.

அந்த மாணவர் பின்னால் எழுதிய சிவஞான சித்தியாரின் அமைப்பைப் பார். முதலில் பரபக்கம். பிற கொள்கைகள் பதினான்கையும் எடுத்துச் சொல்லி மறுக்கிறார். அதற்குப் பிறகுதான் சுபக்கம், தன் பக்கம். தான் யார் என்று சொல்வதற்கு முன் பதினான்கு பேர் யாரென்று சொல்ல வேண்டியிருக்கிறது. எதிராளியின் கட்சியான பூர்வபட்சம் முன்னால், தன் முடிவான சித்தாந்தம் பின்னால் என்பது இந்த மண்ணின் எல்லாத் தரிசனங்களுக்கும் பொதுவான ஒழுங்கு.

என் வகுப்பில் இதை ஒரு பயிற்சியாகவே வைத்திருந்தேன். எந்தப் பள்ளியைப் பிடிக்கவில்லையோ அதற்காக ஒரு மணி நேரம் வாதாட வேண்டும். ஒரு மாணவி, அத்வைதம் என்றாலே முகம் சுளிப்பாள். அவளைச் சங்கரர் பக்கம் நிறுத்தினேன். முதல் பத்து நிமிடம் வாசித்து ஒப்பித்தாள். அப்புறம் யாரோ கேலியாக ஒரு கேள்வி கேட்டார்கள். குறிப்பேட்டை மூடிவிட்டு, கயிற்றைப் பாம்பு என்று பயந்தவனுக்கு அந்தப் பயம் பொய்யா என்று எதிர்க்கேள்வி போட்டாள். குரல் மாறிவிட்டது. மணி அடித்த பிறகும் உட்காரவில்லை. கடைசியில் என்னிடம் வந்து, சார், நான் இன்னும் அத்வைதி இல்லை, ஆனால் ஏன் இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது என்றாள்.

உன் படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது. இரண்டு இருந்திருக்க வேண்டும். அந்தக் குறையை நீ சரி செய்துகொள்.


நெடுவழி எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஆப்பிரிக்காவில் நடந்த விவாதத்தையும் சேர்க்க ஆசை. ஒரு மக்களின் பழமொழி, நம்பிக்கை எல்லாவற்றையும் திரட்டி இதுதான் அவர்களுடைய தத்துவம் என்று எழுதும் வழக்கம் இருந்தது. பெனின் நாட்டின் ஹுன்டோன்ஜி 1970களில் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் ஒருமித்து நினைப்பது தத்துவம் ஆகாது, தன் பெயரில் எழுதி, பிறர் மறுக்க இடம் கொடுக்கும் தனி ஆள் வேண்டும் என்றார். கென்யாவின் ஓடேரா ஓருகா கிராமத்துப் பெரியவர்களிடம் நேரில் பேசி, சமூகத்தின் அறிவைத் திருப்பிச் சொல்பவர், அதையே கேள்வி கேட்பவர் என்று இரண்டாகப் பிரித்தார். எழுத்தறியாவிட்டாலும் இரண்டாமவர் தத்துவவாதி என்பது அவர் கட்சி.

ஒருவர் கையெழுத்து வேண்டும் என்கிறார், மற்றவர் எழுத்தே வேண்டாம் என்கிறார். ஆனால் கூட்டத்திலிருந்து ஓரடி விலகி நிற்கும் ஒருவர் வேண்டும் என்பதில் இருவரும் சேர்கிறார்கள்.


தர்க்கன் எழுதியது:

என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். பெயர் என்பது விடைகளின் சுருக்கம் என்றேன். இப்போது எனக்கு அது பொறுப்பேற்பாகத் தெரிகிறது. 'நான் அனுபவவாதி' என்றால், அனுபவவாதத்துக்கு எதிராக வரும் கேள்வியை என்னிடம் கொண்டுவா என்று பொருள்.

ஆனால் பௌத்தத் தத்துவவாதி நாகார்ச்சுனர் இதில் எங்கே வருவார்? என்னிடம் ஒரு கொள்கை இருந்தால் இந்தக் குற்றம் எனக்கு வரும், எனக்குக் கொள்கையே இல்லை, ஆகவே குற்றமும் இல்லை என்று விக்கிரக வியாவர்த்தனியில் சொல்கிறாரே. அவரிடம் எந்தக் கேள்வியைக் கொண்டுபோவது?


பழைய ஏடு எழுதியது:

தர்க்கன், அந்த வரி வரும் இடத்தைப் பாருங்கள். அந்த நூல் முதல் பகுதியில் எதிராளியின் ஆட்சேபங்களை ஒன்றுவிடாமல் வைக்கிறது. எல்லாமே வெறுமை என்கிறாயே, உன் சொல்லும் வெறுமை என்றால் அந்தச் சொல்லால் எப்படி மறுப்பாய் என்பது முதல் அடி. பிறகுதான் பதில். கொள்கை இல்லை என்று சொன்னவரும் கேள்விக்கு முகம் கொடுக்காமல் போகவில்லை. தும்பி சொன்ன காலிக் கட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

வெண்பலகை அம்மாவுக்கு ஒன்று. ஹியூமுக்கு எதிர்த்தரப்பு தேடுகிறீர்கள் என்றால் இந்தியத் தர்க்க மரபான நியாயத்தாரிடம் போங்கள். நியாய சூத்திரம் மூன்றாம் அத்தியாயத்தின் தொடக்கம். கண்ணால் கண்ட அதே பொருளைக் கையால் தொடுகிறேன். கண் தொடாது, கை காணாது. கண்டவன்தான் தொடுகிறான் என்று இணைப்பது இரண்டுமல்லாத ஒன்று, அதுவே ஆன்மா என்பது அவர்கள் வாதம்.


தும்பி எழுதியது:

ஏற்கிறேன் ஐயா. அரெண்ட்டும் 'நான் இல்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, 'அரசியல் கோட்பாடு' என்று தான் நிற்கும் இடத்தைக் காட்டினார். அந்தப் பாதியை நான் எழுதியும் கவனிக்காமல் விட்டேன். ஆனால் கட்டத்துக்கு எவ்வளவு அகலம் என்று தீர்மானிப்பது யார் என்ற என் கேள்வி அப்படியே இருக்கிறது. அதை விடமாட்டேன்.


வெண்பலகை எழுதியது:

படிவத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன்.

நேற்று இரவு அதை மேசையில் வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு வட்டத்தைப் பார்த்தேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். பேனா அழுத்தி ஓடிய இடத்தில் தாள் லேசாகப் பள்ளமாக இருந்தது. பார்த்த வட்டம்தான் இது என்று ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. அந்தச் சந்தேகமின்மையை ஹியூமின் கட்டுக்குள் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டத்தில் எழுதியது இது: 'ஹியூமின் கேள்வியை என் கேள்வியாக ஏற்கிறேன். அவர் விடைக்கு எதிராக நியாய மரபின் வாதத்தை முழுமையாக எடுத்துவைத்துவிட்டு, அதற்கு ஹியூமின் தரப்பிலிருந்து பதில் தேடுகிறேன்.' இடம் போதவில்லை. கடைசி இரண்டு சொல் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.


தர்க்கன் எழுதியது:

நியாய வாதத்தை இங்கேயே முழுதாகப் போடுங்கள். கண்ணும் கையும் ஒரே பொருளைப் பற்றுவதற்கு ஆன்மா தேவையில்லை, நினைவு போதும் என்று வாதாடப்போகிறேன். முதலில் உங்கள் தரப்பு.